மாமியாருக்கு நாலு இன்ச்

எங்கள் தோட்டத்துச் சடக்கை, அதாவது சாலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நடந்ததெல்லாம் என் ஒருவனுடைய முட்டாள்தனம் என்று நினைத்துவிடுவீர்கள். பாதிதான் என்னுடையது.

பகாவ் பட்டணத்திலிருந்து இருபது நிமிடம் தார்ச் சடக்கில் வந்து, தோட்டத்துப் பெயர்ப்பலகையில் திரும்பினால் அதற்கப்புறம் ஏழு கிலோமீட்டர் செம்மண். இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் மரம். வெயில் காலத்தில் புழுதி, அவ்வளவுதான். நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் பழம் ஏற்றும் லோரிகள் போய்ப் போய் இரண்டு பள்ளம் விழும். நடுவில் ஒரு மேடு எழும்பி நிற்கும். தாழ்ந்த வண்டி எதுவானாலும் அந்த மேட்டில் வயிறு இடிக்கும். கோலாலம்பூரிலிருந்து பெரிய துரை வருகிறார் என்றால் மட்டும் ஒரே நாளில் மண் தள்ளும் இயந்திரம் வந்து சடக்குக்குத் தலைவாரிப் பூ வைத்துவிடும். மற்ற நாளில் கேட்டால் மழை நிற்கட்டும் என்பார்கள். மழை நின்ற பிறகு கேட்டால், இப்போதுதான் நன்றாக இருக்கிறதே என்பார்கள்.

நான் சசிதரன். அந்தத் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டர் மெக்கானிக். மனைவி ரோகினி தோட்டத்து ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. குடியிருப்பது கம்பெனி வீடு. எங்களோடு என் மாமியார் மங்கம்மாவும் இருக்கிறார். அறுபத்து மூன்று வயது. இனிப்பு நீர் வியாதி இரண்டு கிட்னியையும் கொண்டுபோய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறரைக்குப் பகாவில் டயாலிசிஸ். ரோகினியால் கூட வர முடியாது. ஐந்தரைக்குப் பெரட்டு. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எந்தச் செம்பனைக் காட்டுக்கு யார் என்று பிரித்து அனுப்பும் அந்த நேரத்தில் கிராணி இல்லாவிட்டால் வேலையே ஓடாது. அதனால் அழைத்துப் போவது நான்தான். பகாவிலேயே வீடு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்காதவர் இல்லை. எங்கள் இருவர் வேலையும் இங்கே. அந்த அம்மாளை அங்கே நாள் முழுக்கத் தனியாகப் போட்டு வைக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

மாமியார் பழைய தோட்டத்து முறையில் வளர்ந்தவர். மருமகன் எதிரில் உட்கார மாட்டார். நான் வீட்டுக்குள் வந்தால் முட்டி வலியோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாவது எழுந்து நிற்பார். பதினொரு வருடத்தில் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. நான் இரண்டடி தூரத்தில் நிற்பேன். "ரோகினி, மாப்ள பசியாறிட்டாரான்னு கேளு" என்பார். ரோகினி என் பக்கம் திரும்பி, "பசியாறிட்டீங்களா?" என்பாள். "ஆச்சுன்னு சொல்லு" என்பேன் நான். இதைப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் சிரித்திருக்கிறார்கள். எனக்குப் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், நான் வரும்போது ஒருவர் எழுந்து நிற்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. உலகத்தில் வேறு யார் எனக்காக எழுந்து நிற்கிறார்கள்?

போன நவம்பரில் ஒரு புதன்கிழமை விடியற்காலை எங்கள் பழைய ஃபோர்வீல் பிக்கப், பதினாலாம் நம்பர் காட்டுக்குப் பக்கத்தில் நடு மேட்டின்மேல் வயிறு பதிய உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரமும் சேற்றில் சும்மா சுற்றின. போன் லைன் கிடைக்காத இடம். ஒரு டிராக்டர் வந்து இழுத்து விட்டபோது மணி பத்தரை. அன்றைய டயாலிசிஸ் போச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் மாமியாருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. உடம்பை விட்டு வெளியேற வேண்டிய நீர் நுரையீரலில் ஏறிவிட்டதாம். தோட்டத்துத் துரையின் பெரிய வண்டியைக் கேட்டு வாங்கி, டிரைவரும் இன்னொரு ஆளும் அவரை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்த, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்கு நாள் வார்டில் இருந்தார்.

ரோகினி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். வார்டிலிருந்து அனுப்பும்போது டாக்டர், "இன்னொரு தடவை மிஸ் பண்ணாதீங்க. அடுத்த தடவை இங்க வந்து சேர டைம் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். என் மனசெல்லாம் வேறு ஒன்றில் இருந்தது. துரையின் வண்டி அதே பதினாலாம் நம்பர் மேட்டை அலுங்காமல் தாண்டியதை நான் பார்த்திருந்தேன். வயிறு அவ்வளவு உயரம்.

என் வண்டியையும் தூக்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தூக்குவது என்றால் ஸ்பிரிங்கை மாற்றி, தாங்கும் கம்பிகளை முறுக்கி, தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுவது. அதுவரை டயாலிசிஸ் நாட்களில் ஒரு டிராக்டர்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டு, பதினாலாம் நம்பரை இழுத்துத் தாண்டினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஏழு கிலோமீட்டரும் நடந்தேன். எங்கெங்கே மேடு இருந்ததோ அங்கெல்லாம் குத்துக்காலிட்டு அளந்தேன். மோசமான இடம் அதே பதினாலாம் நம்பர்தான், ஐம்பது அறுபது அடி நீளத்துக்கு. பள்ளத்தின் அடியிலிருந்து மேட்டின் உச்சிவரை பதினொன்றரை இன்ச். என் வண்டியின் வயிறு ஒன்பது. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், அளப்பதற்குப் பதிலாக ஒரு சங்கோல் மண்வெட்டியை எடுத்து மேட்டை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. கம்பெனி லோரி கிழித்த கம்பெனிச் சடக்கை நான் எதற்கு என் ஞாயிற்றுக்கிழமையில் வெட்ட வேண்டும்? அவர்களுக்கு இலவசமாகக் கூலி வேலை பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து? என் காசில் வண்டியைத் தூக்குவேனே தவிர, அவர்கள் மண்ணைத் தொட மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

முதலில் சிரம்பானில் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏர்கான், சுவரெல்லாம் ஆற்றுக்குள் நிற்கும் வண்டிகளின் படம். விற்பனையாளர் புது ஸ்பிரிங், புது அப்சார்பர் எல்லாம் சேர்ந்த ஒரு செட்டைக் காட்டி நாலாயிரத்து அறுநூறு வெள்ளி என்றார்.

"லைஃப்டைம் வரும் அண்ணே."

"யாரு லைஃப்டைம்? என் வண்டியே அவ்ளோ நாளு வராது லா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டியின் உடம்புக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ரப்பர் கட்டை வைத்துத் தூக்கும் மலிவு வழி ஒன்றும் உண்டு. அதில் உடம்பு மட்டும் ஏறும், வயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். பார்வைக்கு ஆகும், மேட்டுக்கு ஆகாது. அதை விட்டேன்.

பகாவில் லியோங்கின் பட்டறை எனக்குப் பல வருடப் பழக்கம். அவர் வண்டிக்கடியில் படுத்தபடியே, முன்னால் முறுக்குக் கம்பியை இறுக்கி, பின்னால் ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னொரு பட்டை சேர்த்து, ஒரு சைஸ் பெரிய பழைய டயரும் போட்டால் எண்ணூறு வெள்ளி என்றார். ஸ்பிரிங்கில் இரண்டு இன்ச், டயரில் ஒரு இன்ச். "டுவா இஞ்சி சுக்குப்" என்றார், இரண்டு இன்ச் போதும் என்று. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. மேட்டுக்கு மேலே அரை இன்ச் மிஞ்சும். அரை இன்ச் ஒரு மழைக்குத் தாங்குமா? ஓர் உயிரை அரை இன்ச்சில் தொங்கவிட என்னால் முடியவில்லை.

அப்போதுதான் சத்தியசீலன் போன் செய்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், இப்போது கோலா கிளாவாங்கில் இருக்கிறான். சனி, ஞாயிறு ஆனால் காட்டுக்குள் வண்டி விடும் கூட்டத்தில் ஒருவன். நான் லியோங்கின் யோசனையைச் சொன்னதும் சிரித்தான்.

"ரெண்டு இன்ச்செல்லாம் பாசாருக்கு மீன் வாங்கப் போறவன் போடுறது லா. என்கிட்ட என் பழைய நாலு இன்ச் செட்டு கிடக்குது. ரெண்டு இன்ச் ஒசரம் கூடுற பெரிய டயரோட ஆயிரம் வெள்ளி. ஞாயித்துக்கெழம நானே வந்து மாட்டித் தர்றேன், கூலி வேணாம்."

லியோங்கிடம் இன்ச்சுக்கு நானூறு. சத்தியசீலனிடம் இன்ச்சுக்கு இருநூற்றைம்பது. துணிக்கடையில் கஜம் விலை பார்ப்பதுபோலக் கணக்குப் போட்டு, இதைவிட மலிவு உலகத்தில் இல்லை என்று குதித்தேன். அதிலும் வயிறு பதினைந்து இன்ச் உயரும். எந்த லோரியும் வந்து எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டட்டும்.

இரவுச் சாப்பாட்டில் ரோகினி ஒன்று கேட்டாள். "சரி, அம்மா எப்படி ஏறுவாங்க?"

"ஒரு ஸ்டூல் வச்சுக்கலாம்."

"கதவுக்குக் கீழ ஒரு படி போட்டுடுங்களேன்."

"படி தொங்குனா அதே மேட்டுல இடிக்கும். அப்புறம் எதுக்குத் தூக்குறது? ஸ்டூல்ல ஏறுனதும் நான் கை குடுக்குறேன், ஏறிக்குவாங்க."

"நீங்களா?" என்றாள்.

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

அவள் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் தூக்கி இறக்கிய பிறகு அம்மாவுக்கு அந்தப் பழைய கூச்சமெல்லாம் விட்டுப்போயிருக்கும் என்று தானும் நினைத்ததாகப் பிறகு சொன்னாள். சமையலறையில் மாமியார் கைப்பிடித் துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தியசீலன் வந்தான். வொர்க்‌ஷாப்பிலேயே வைத்து மாட்டினோம். சாயங்காலம் வண்டி இறங்கி நின்றபோது லைன் வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். லோரி ஓட்டும் கணேசமூர்த்தி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, மாமியாருக்குத் தேர் கட்டியிருக்கியா? வடம் பிடிக்க ஆளு வேணுமா?" என்றார். நானும் சிரித்தேன். பெருமையாக இருந்தது. என் தொடை உயரத்தில் கதவின் அடி விளிம்பு நின்றது. அதை என் கண் பார்த்தது, ஆனால் அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை. ரோகினி பெரட்டுக்குப் போய்விட்டாள். பின்பக்க இடது கதவைத் திறந்து, கீழே பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்து, கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மாமியார் புடவையை இழுத்துச் செருகியபடி வந்தார். ஸ்டூலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அப்படியே நின்றார். "புடிச்சுக்குங்க அத்தை" என்றேன். முகத்தைச் செம்பனைப் பக்கம் திருப்பிக்கொண்டு, நேரம் போனாலும் பரவாயில்லை என்பதுபோல நின்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். சரி, பக்கத்தில் நிற்பது சங்கடமாக இருக்கிறது போல என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு முனகல் கேட்டது, வண்டி லேசாக ஆடியது, கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால் மாமியார் சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஏறிவிட்டார்! அறுபத்து மூன்று வயது, முட்டி மடங்காது, தானாகவே ஏறிவிட்டார். பதினாலாம் நம்பரில் வண்டி ஒரு சத்தம் இல்லாமல் தாண்டியது. எனக்கு ஹாரன் அடிக்க வேண்டும்போல இருந்தது. பகாவில் இறங்கும்போதும், திரும்பி வர ஏறும்போதும் டயாலிசிஸ் மையத்து ஆட்கள் இருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே ஒரு குறையும் இல்லை. வீட்டு வாசலில் நான் ஸ்டூலை வைத்துவிட்டு உள்ளே போனதும் தானே இறங்கிக்கொண்டார். புதனும் அப்படியே, வெள்ளியும் அப்படியே. நான் கதவைத் திறந்து ஸ்டூலை வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். "உங்க அம்மாவுக்கு என்னைவிட பலம்" என்று ரோகினியிடம் பீற்றிக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்க அந்தப் பெருமையிலேயே இருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மாமியாரை விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் பசியாறிவிட்டு நான் கிளம்பும்போது நர்ஸ் வள்ளிநாயகி பின்னாலேயே ஓடி வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். மாமியார் படுத்திருந்தார். நர்ஸ் அவருடைய இடது கையின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினார்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒரு கையில் சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக் குழாயைத் தடிக்க வைத்திருப்பார்கள். ஊசி குத்துவது அதில்தான். தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையில் பை தூக்கக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. மாமியார் அந்தக் கையில் வளையல்கூடப் போடுவதில்லை. அந்தக் கை முழங்கையிலிருந்து தோள்வரை வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"என்ன செஞ்சீங்க இந்தக் கைய? இதுல புடிச்சுத் தொங்குனாங்களா? வெள்ளிக்கெழம லேசா தடிச்சுத்தான் இருந்துச்சு. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க" என்றார் நர்ஸ். "வலது கையில ஏற்கனவே ரெண்டு தடவ செஞ்சு அடைச்சுப் போச்சு. இதுவும் போச்சுன்னா ஊசி குத்த எடமில்ல அண்ணே. இன்னிக்கு எப்படியோ ஒரு எடம் புடிச்சு குத்திட்டேன். இப்படியே இன்னும் ரெண்டு நாளு போனா என்னால முடியாது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இடது கதவில் ஏறுகிறவர் பிடித்துக்கொள்ள முன் சீட்டுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி இருக்கும். அது இடது கைக்குத்தான் எட்டும். பழைய உயரத்தில் அதைப் பிடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, சீட்டில் வலது கையை ஊன்றிக்கொண்டு ஏறிவிடுவார். இப்போது ஆறு இன்ச் கூடிவிட்டது, ஆடுகிற பிளாஸ்டிக் ஸ்டூலில் எதையாவது பிடிக்காமல் அவரால் நிற்கவும் முடியாது. நான் அந்தப் பக்கம் போனதும், எந்தக் கையில் வளையல்கூடப் போடக் கூடாதோ அந்தக் கையில் முழு உடம்பையும் தொங்கவிட்டு ஏறியிருக்கிறார். ஒரு நாள் இல்லை, நான்கு நாள்.

பதினொரு மணிக்குத் திரும்ப அழைத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு வந்தது பச்சையான கோபம். இந்த அம்மாள் மேல், என் மேல், சத்தியசீலன் மேல், இன்ச் கணக்குப் பார்த்த என் மூளை மேல். தோட்டத்துப் பெயர்ப்பலகையில் திரும்பியதும் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டேன்.

"எதுக்கு அத்தை அந்தக் கையில தொங்குனீங்க?" என்று கத்திவிட்டேன். "நான்தான் பக்கத்துல நின்னேன்ல? கைய நீட்டிக்கிட்டு மரம் மாதிரி நின்னேன்ல? அந்தக் கை போனா என்ன ஆவும்னு தெரியாதா உங்களுக்கு? என் கை என்ன, கிரீஸ் கைன்னு பார்த்தீங்களா?"

கண்ணாடியில் பார்த்தேன். வீங்கிய கையை வலது கையால் மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். கத்தியது தப்பு என்று அந்த நிமிடமே பட்டது. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார். ரோகினி இல்லை, நடுவில் யாரும் இல்லை. என்னிடமே பேசினார்.

"ஐயோ, அப்படி சொல்லாதீங்க மாப்ள. உங்க கை சோறு போடுற கை."

புடவைத் தலைப்பால் வீங்கிய கையை மூடிக்கொண்டார்.

"அன்னிக்கி மூச்சு முட்டுனப்ப யாரோ ரெண்டு ஆம்பளைங்க என்னைத் தூக்கி வண்டியில போட்டாங்க. எனக்கு நெனப்பு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில வந்தவன் போனவன் எல்லாம் பொரட்டிப் போட்டான். இங்க நர்ஸ் புள்ள செருப்பக்கூட மாட்டி விடுது. பெத்த மக என்னைக் குளிப்பாட்டுறா. எல்லாருக்கும் நான் சீக்காளி ஆயிட்டேன் மாப்ள. நீங்க ஒருத்தருதான் பாக்கி. நீங்க உள்ள வந்தா நான் எந்திரிச்சு நிக்கிறேன், பசியாறிட்டீங்களான்னு கேக்குறேன். உங்களுக்கு மட்டுந்தான் இன்னும் மாமியாரா இருக்கேன். அந்தக் கையப் புடிச்சிட்டா அதுவும் போயிருமேன்னுதான்…"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'நான் உங்களுக்கு மகன் மாதிரி' என்று சொல்வார்களே, அந்த மாதிரி ஏதாவது. ஆனால் அவருக்கு வேண்டியது மகன் இல்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது. வண்டியைக் கிளப்பினேன். அந்தக் கையோடு அவரை வீட்டு வாசலில் எப்படி இறக்குவது என்று தெரியாமல் வண்டியை ஆபீஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ரோகினியை வரச் சொன்னேன்.

அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு அவள் ஆபீசுக்குத் திரும்பியதும் ரோகினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளிப்பாட்டும்போது கேட்டதற்கு, ஊசி குத்திய தடிப்பு என்று அம்மா சொல்லியிருந்தாராம். அவள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோபத்தோடு எழுந்தாள்.

"சடக்க அளந்தீங்க, மேட்ட அளந்தீங்க, டயர அளந்தீங்க. எங்க அம்மா முட்டிய அளந்தீங்களா?"

அன்று சாயங்காலம் அதைத்தான் செய்தோம். செய்தது ரோகினி. நான் வெளியே வொர்க்‌ஷாப் பக்கம் அனுப்பப்பட்டேன். வாசற்படியில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அம்மாவை வலது கையை மட்டும் சுவரில் ஊன்றி ஏறச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வண்டியின் பழைய உயரத்தில் தாராளமாக ஏறினாராம். ஒரு இன்ச் கூட்டினாள், ஏறினார். ஒன்றரை, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். இரண்டில் முடியவில்லை. ரோகினி ஒரு துண்டுக் காகிதத்தில் 'ஒன்றரை' என்று எழுதி என்னிடம் கொடுத்தாள்.

சத்தியசீலனுக்குப் போன் செய்து செட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. "பயந்துட்டியா?" என்றான். ஆமாம் என்றேன். அன்றைக்கும் மறுநாளுமாக எல்லாவற்றையும் கழற்றினேன். பழைய ஸ்பிரிங்கைப் போட்டு, லியோங்கிடம் ஒரு மெல்லிய பட்டை மட்டும் வாங்கிச் சேர்த்து, முன்பக்கக் கம்பியை அளவாக முறுக்கி, பழைய டயரையே மாட்டினேன். டேப்பை வைத்துப் பார்த்தால் சரியாக ஒன்றரை இன்ச். மொத்தச் செலவு நூற்றெண்பது வெள்ளி. வயிறு பத்தரை இன்ச்சில் நின்றது. மேடு பதினொன்றரை.

மிச்சத்தைச் சடக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ஒரு சங்கோலைத் தோளில் போட்டுக்கொண்டு பதினாலாம் நம்பருக்குப் போனேன். ஈர மண், வெட்ட வெட்டச் சங்கோலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. கணேசமூர்த்தி லோரியோடு வந்து நிறுத்தி, "என்னப்பா, கம்பெனி மண்ணத் தொட மாட்டேன்னியாமே?" என்றார். ஆமாம், சொன்னேன் என்றேன். அவர் லோரியின் பின்னாலிருந்து தானும் ஒரு சங்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். இருட்டுவதற்குள் மேட்டின் தலையில் இரண்டு இன்ச் சீவிவிட்டோம். மழை பெய்தால், லோரி ஓடினால் மறுபடி எழும்பும் என்று இருவருக்கும் தெரியும். இனி ஒவ்வொரு செவ்வாயும் எனக்கு இந்த வேலைதான் என்று சொன்னேன். அவர் சங்கோலைப் பின்னால் எறிந்துவிட்டு லோரியில் ஏறினார்.

புதன்கிழமை காலையில் நல்ல மழை. வண்டியை வாசலுக்கு ஒட்டி நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் என் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டூல் வைக்கவில்லை. கண்ணாடியையும் மேலே திருப்பிவிட்டேன். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி, வலது கையைச் சீட்டில் ஊன்றி மாமியார் ஏறினார். நேரம் எடுத்தது. எடுக்கட்டும் என்று இருந்தேன்.

பதினாலாம் நம்பருக்கு வந்தோம். இரவெல்லாம் பெய்த மழையில், ஓடிய லோரியில், நாங்கள் சீவிய மேடு கொஞ்சம் எழும்பித்தான் இருந்தது. முதல் கியரில் மெதுவாக விட்டேன். பாதி தூரத்தில் வயிற்றில் கர்ரென்று உரசியது. அந்த நவம்பர் விடியற்காலை கண்முன்னே வந்துவிட்டது. காலை எடுத்தால் உட்கார்ந்துவிடும், மிதித்தால் அடியில் என்ன கிழியுமோ. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பரவால்ல மாப்ள, போங்க" என்றார் மாமியார் பின்னாலிருந்து. "வண்டிக்குத்தான அடி படுது."

நான் மிதித்தேன். வண்டி இன்னொரு தடவை கர்ரென்று உரசிவிட்டு அந்தப் பக்கம் இறங்கியது. ஆறு இருபதுக்கெல்லாம் பகாவில் இருந்தோம்.